விரிவு எழுதுபவர் கடமை, ஒலி கேட்பவர் உரிமை

(இணையத்தில் எழுதுவோரும் நிரலாளர்களும் தமிழ் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வரி தருகிறேன். மனத்துக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள்: 'ஐ.டி.ஐ.யில் ரூ.500-க்குப் படிவம் கிடைக்கும், 5 கி.மீ.க்கு அப்பால் இருப்பவர்கள் த.பெ. எண் 12-க்கு எழுதலாம்.'

நீங்கள் படித்தது என் காதில் இப்படி விழுந்தது: 'ஐடிஐயில் ஐந்நூறு ரூபாய்க்குப் படிவம் கிடைக்கும், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் தபால் பெட்டி எண் பன்னிரண்டுக்கு எழுதலாம்.' தாளில் எண்ணுக்கு முன்னால் இருந்த ரூபாயை உங்கள் வாய் பின்னால் தள்ளியது. 'கி.மீ.க்கு' என்பதைக் 'கிலோமீட்டருக்கு' என்று விரித்து, நடுவில் ஓர் உகரத்தையும் சேர்த்துக்கொண்டது. 'த.பெ.' தபால் பெட்டியா, தந்தை பெயரா என்று அரை நொடியில் தீர்ப்பும் சொன்னது. 'ஐ.டி.ஐ.'யை மட்டும் விரிக்காமல் அப்படியே விட்டது. இதையெல்லாம் யாரும் உங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. கணினிக்கோ ஒவ்வொன்றையும் யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

பார்வையற்ற ஒருவருக்கு இணையப் பக்கத்தைப் படித்துச் சொல்வது திரைவாசிப்பான், அதாவது ஸ்கிரீன் ரீடர். அது சொற்சுருக்கங்களை எப்படி உச்சரிக்கிறது, அதில் எழுதுகிறவர்களாகிய நம் பங்கு என்ன என்பதே இன்றைய பேச்சு. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சுருக்கத்தின் பொருளைச் சொல்வது எழுதுபவர் கடமை. அதை எந்த ஒலியில் கேட்பது என்பது கேட்பவர் உரிமை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் கால் நூற்றாண்டாக நாம் தவறான இடத்தில் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில், பேசுவது யார்?

திரைவாசிப்பான்கள் பல. விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், டாஸ் கணினிகளுக்காக 1989-ல் வெளியிட்டது ஜாஸ். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், தானும் பார்வையற்றவர், 2006-ல் எழுதத் தொடங்கியது என்விடிஏ. அது இலவசம், திறந்த மூலம், தமிழ் இடைமுகமும் அதற்கு உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2005-ல் மேக் கணினியிலும் 2009-ல் ஐபோனிலும் வாய்ஸ்ஓவரைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் இருப்பது டாக்பேக்.

இவற்றில் எதற்கும் சொந்தக் குரல் கிடையாது. திரைவாசிப்பான் உலாவியிடமிருந்து எழுத்துகளை வாங்குகிறது; இது தலைப்பு, இது இணைப்பு, இது பொத்தான் என்று பிரித்தறிகிறது; பிறகு அந்த வாசகத்தைப் பேச்சுப் பொறி ஒன்றிடம் ஒப்படைக்கிறது. உச்சரிப்பு அந்தப் பொறியின் வேலை. என்விடிஏவோடு சேர்ந்தே வருவது ஈஸ்பீக் என்ஜி என்ற பொறி. அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு குரலைப் பூட்டிக்கொள்ளலாம். அதே பக்கம், அதே திரைவாசிப்பான். குரல் மாறினால் சுருக்கத்தின் உச்சரிப்பும் மாறிவிடும். ஆகவே, 'இந்தச் சுருக்கத்தைத் திரைவாசிப்பான் எப்படிப் படிக்கும்?' என்று யாராவது கேட்டால், 'யாருடைய கணினியில், எந்தக் குரலில்?' என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில்.

பொறிக்குள் என்ன நடக்கிறது? ஒலியாக்குவதற்கு முன்னால் அது எழுத்தைச் 'சீராக்க' வேண்டும். எண்களைச் சொற்களாக்க வேண்டும். குறிகளுக்குப் பெயர் சொல்ல வேண்டும். சுருக்கங்களை விரிக்கவோ விடவோ வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குக் கைகொடுப்பவை முக்கியமாக மூன்று. முதலாவது, விதிவிலக்குகளின் அகராதி. இரண்டாவது, பெரிய எழுத்துகள். மூன்றாவது, உயிரெழுத்து. எல்லாம் பெரிய எழுத்தாக இருந்து, நடுவில் உயிரெழுத்தே இல்லாவிட்டால், 'எச்டிஎம்எல்' போல எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடலாம். உயிரெழுத்து இருந்து வாயில் நுழைவதாகவும் இருந்தால், 'நாசா', 'யுனெஸ்கோ' போலச் சொல்லாகவே சொல்லலாம். இது ஊகம்தான். பல இடங்களில் பலிக்கும், சில இடங்களில் காலை வாரும்.

காலை வாரிய இடங்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் டி, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் பெயருக்கு முன்னால் வந்தால் டாக்டர். தெருப் பெயருக்குப் பின்னால் வந்தால் டிரைவ். எஸ், டி என்பவை ஊர்ப் பெயருக்கு முன்னால் செயின்ட், பின்னால் ஸ்ட்ரீட். இன்னொரு கூத்து, வடிவமைப்பாளர்கள் அழகுக்காகச் செய்வது. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்ற பொருளில் வரும் 'கான்டாக்ட் அஸ்' என்ற பொத்தானை, சிஎஸ்எஸ் நடைத்தாளில் ஒரே வரி எழுதி, முழுக்கப் பெரிய எழுத்தாக்கிவிடுவார்கள். வாய்ஸ்ஓவர் அதைக் 'கான்டாக்ட் யு.எஸ்.' என்று அமெரிக்காவாக்கிப் படித்ததைப் பலர் கேட்டிருக்கிறார்கள். 'சேர்' என்று பொருள்படும் 'ஆட்' என்ற பொத்தான், 'ஏ.டி.டி.' என்று ஒலித்த கதையும் உண்டு.

பொறியை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? மனிதர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே. தரவுத்தள மொழி ஒன்றை ஒருவர் 'எஸ்க்யூஎல்' என்கிறார், பக்கத்து நாற்காலிக்காரர் 'சீக்வல்' என்கிறார். இணைய அணுகல்தன்மைக்கென்று உலகமே பின்பற்றும் வழிகாட்டு நெறிக்கு ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சுருக்கம். அதைச் சிலர் 'டபிள்யூசிஏஜி' என்று எழுத்துக்கூட்டுகிறார்கள், சிலர் 'விகேக்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அணுகல்தன்மை என்ற ஆங்கிலச் சொல்லையே அந்தத் துறையினர் முதலெழுத்து, கடைசியெழுத்து, நடுவில் விடுபட்ட எழுத்துகளின் எண்ணிக்கையான 11 என்று சுருக்கி எழுதுகிறார்கள். அதைப் பலர் 'அல்லை' என்று வாசிக்கிறார்கள்; பொறிக்கு அது 'ஏ, பதினொன்று, ஒய்'. மனிதருக்கே ஒரு முடிவு இல்லாதபோது, சரியான உச்சரிப்பு என்று எதைக் கட்டாயமாக்குவது?

இனி வரலாற்றுக்கு வருவோம். இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 1997 டிசம்பரில் இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லின் 4-ஆம் பதிப்பு வெளிவந்தபோதே இந்தச் சிக்கலை நினைத்துப் பார்த்தது. சுருக்கங்களைக் குறிக்க இரண்டு டேக்குகளை, அதாவது குறிச்சொற்களைக் கொடுத்தது. ஒன்று 'அப்ரிவியேஷன்' என்பதன் குறுக்கம். அந்த டேக்கின் பெயரே ஒரு சுருக்கம்! மற்றொன்று 'அக்ரோனிம்', அதாவது முதலெழுத்துச் சுருக்கம். இரண்டிலும் 'டைட்டில்' என்ற பண்பில் முழு விரிவை எழுதி வைக்கலாம்.

நல்ல நோக்கம். ஆனால் எது அப்ரிவியேஷன், எது அக்ரோனிம் என்பதில் எழுதுபவர்களுக்குள் தீராத வழக்கு. போதாக்குறைக்கு, அன்று ஊரெல்லாம் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி 6-ஆம் பதிப்பு வரை முதல் டேக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. 2006-ல் வந்த 7-ஆம் பதிப்புதான் அதை ஏற்றது. அதுவரை, பொருத்தமோ இல்லையோ, பலர் 'அக்ரோனிம்' டேக்கையே போட்டார்கள். கடைசியில் 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5 தரமானபோது 'அக்ரோனிம்' வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியது ஒரே டேக்.

அந்த ஒன்றாவது பயன்பட்டதா? டைட்டிலில் எழுதிய விரிவு, சுட்டியைச் சொல்லின்மேல் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு சிறு பெட்டியாகத் தெரியும். கைபேசியில் சுட்டி ஏது? விசைப்பலகையை மட்டும் கொண்டு உலாவுபவருக்கும் அந்தப் பெட்டி தோன்றாது. திரைவாசிப்பான்களோ பெரும்பாலும் இயல்பமைப்பில் அந்த விரிவைப் படிப்பதில்லை. ஜாஸில் படிக்க வைக்கலாம், ஆனால் பயனர் அமைப்புக்குள் போய் அதை இயக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுருக்கம் வரும்போதும் நீண்ட விரிவைக் கேட்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அதனால் பெரும்பாலோர் அதை இயக்குவதில்லை. அக்கறையுள்ள எழுத்தாளர் பாடுபட்டு எழுதிவைத்த விரிவு, யாருக்காக எழுதினாரோ அவர் காதுக்குப் போகாமலே கிடக்கிறது.

உச்சரிப்பையே பக்கத்தில் எழுதிவிடும் முயற்சியும் நடந்தது. 1998-ல் வந்த சிஎஸ்எஸ் 2, செவிவழி நடைத்தாள் என்றொரு பகுதியைச் சேர்த்தது. 'இதை எழுத்தெழுத்தாகச் சொல்' என்று அதில் கட்டளையிடலாம். அதை உண்மையாகவே செயல்படுத்திக் காட்டியவர் டி.வி. ராமன். புனேயில் பிறந்து, பதின்ம வயதில் பார்வையிழந்து, 1994-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதச் சமன்பாடுகளை ஒலியாக்கும் அமைப்புக்காக முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருள், திரையைப் படிப்பதைவிட உள்ளடக்கத்தைப் பேசுவதே மேல் என்ற எண்ணத்தில் பிறந்தது. ஆனால் வணிகத் திரைவாசிப்பான்கள் அந்த வழியில் வரவில்லை. 2004-ல் பேச்சுப் பொறிகளுக்கென்றே எஸ்எஸ்எம்எல் என்ற குறிமொழி தரமானது. தொலைபேசித் தானியங்கிக் குரல்களில் அது நன்றாகவே உழைக்கிறது. இணையப் பக்கத்துக்குள் அதை நேரே எழுத இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட வழி இல்லை.

முன்பு சொன்ன அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் என்ன சொல்கின்றன? 1999 மே மாதத்தில் வந்த முதல் பதிப்பு, சுருக்கம் முதலில் வரும் இடத்தில் விரிவைத் தரச் சொன்னது. ஆனால் அதற்குக் கடைசி முன்னுரிமையைத்தான் கொடுத்தது. 2008 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் அது 3.1.4 என்ற விதி, உச்சரிப்புக்கென்று 3.1.6 என்ற தனி விதியும் உண்டு. இரண்டும் ஏஏஏ என்ற உச்ச நிலையில் வைக்கப்பட்டவை. சட்டங்களோ ஏஏ நிலையோடு நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் 508-ஆம் பிரிவு அப்படி, இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் அப்படி. ஆக, சுருக்கத்தை விரிக்கச் சொல்லி யாரும் உங்களைச் சட்டப்படி கேட்கப்போவதில்லை. கேட்பாரில்லை என்பதால் விட்டுவிடுவதா, வாசகருக்காகச் செய்வதா என்பது நம் விருப்பம்.

இங்கேதான் நல்லெண்ணம் கொண்ட நிரலாளர் ஒருவர் உள்ளே வருகிறார். தம் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தைப் பொறி தப்பாக உச்சரிப்பதைக் கேட்டுப் பதறுகிறார். ஏரியா-லேபிள் என்ற பண்பைப் போட்டு, பார்வைக்கு ஒரு சொல், காதுக்கு வேறொரு சொல் என்று ஏற்பாடு செய்கிறார். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விடுகிறார்; அல்லது ஒலிக்கிற மாதிரி எழுத்துப் பிழையோடு எழுதி வைக்கிறார். அவருடைய கணினியில் அவர் கேட்ட குரலில் உச்சரிப்பு சரியாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

விளைவுகளைப் பாருங்கள். திரைவாசிப்பான் பேசுவதோடு நிற்பதில்லை. புள்ளிகள் எழுந்து தாழும் பிரெய்ல் காட்சிப் பட்டைக்கும் அதே வாசகத்தைத்தான் அனுப்புகிறது. காதும் கேளாத, கண்ணும் தெரியாத ஒருவர் விரலால் தடவிப் படிக்கும்போது அந்தப் பிழையான எழுத்துக்கூட்டல்தான் விரலில் படும். அவருக்கு ஒலியே இல்லை. ஒலிக்காகச் செய்த திருத்தத்தால் எழுத்து மட்டும் கெட்டுப்போகிறது. குரலால் கணினியை இயக்குபவர் திரையில் தெரியும் பெயரைச் சொல்லிப் பொத்தானை அழைத்தால், உள்ளே வேறு பெயர் இருப்பதால் பொத்தான் அசையாது. எழுத்துகளுக்கு நடுவே பக்கத்திலேயே இடைவெளி விட்டிருந்தால் தேடலும் தோற்கும், மொழிபெயர்ப்பும் தடுமாறும். நாளை குரல் மாறினால் அந்த ஒலித் திருத்தமே புதுப் பிழையாகிவிடும்.

கேட்பவர் பக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை. பல ஆண்டுகளாகத் திரைவாசிப்பானோடு வாழ்பவர்கள், பழக்கமில்லாத நம் காதுக்கு இரைச்சலாகத் தோன்றும் வேகத்தில் கேட்கிறார்கள். அந்த வேகத்திலும் தெளிவு குறையாத குரல் என்பதாலேயே இயந்திரத்தனமான ஈஸ்பீக்கைப் பலர் விரும்புகிறார்கள். தம் குரல் எந்தச் சுருக்கத்தை எப்படிச் சிதைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தினமும் ஒரே மாதிரி தவறாக வருவதைப் புரிந்துகொள்வது எளிது. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி 'சரியாக' வருவதுதான் குழப்பம். ஐயம் வந்தால் வழியும் இருக்கிறது. என்விடிஏவில் எண்பலகையின் 5-ஐ இருமுறை தட்டினால் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும். பிடிக்காத உச்சரிப்பை மாற்றப் பேச்சு அகராதி உண்டு: இந்த எழுத்து வந்தால் இப்படிச் சொல் என்று ஒரே ஒருமுறை எழுதி வைத்தால் போதும், எல்லாத் தளங்களிலும் அப்படியே கேட்கும். ஜாஸிலும் இது உண்டு. ஒலியைத் திருத்தும் கருவி ஏற்கெனவே கேட்பவர் கையில் இருக்கிறது. அவர் கையில் இல்லாதது பொருள்தான். 'த.பெ.' என்பது எந்த ஒலியில் வந்தாலும் தபால் பெட்டியா தந்தை பெயரா என்பதை அகராதியால் சொல்ல முடியாது. எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆங்கிலப் பொறிக்குக் கிடைத்த முதன்மைத் தடயம் தமிழ்ப் பொறிக்கு இல்லை. அதற்காகக் கவலைப்பட வேண்டியதும் இல்லை. எழுத்தின் பெயரும் ஒலியும் நம்மிடம் பெரும்பாலும் ஒன்றே. 'தி.மு.க.'வை எழுத்தாகச் சொன்னாலும் சொல்லாகச் சொன்னாலும் 'திமுக' என்றே புரியும். ஆங்கிலச் சுருக்கங்களை நாம் எழுத்தின் பெயரையே தமிழில் எழுதி 'எம்.எல்.ஏ.', 'ஐ.ஏ.எஸ்.' என்கிறோம்; பெரும்பாலும் எந்தக் குரலும் அதைப் புரியும்படி சொல்லிவிடும். ஆங்கிலத்தை வாட்டும் சிக்கல் நமக்குப் பெருமளவு தீர்ந்துவிட்டது.

நமக்கான சிக்கல்கள் வேறு. முதலாவது, புள்ளி. 'செலவு ரூ.2.5 கோடி.' என்ற வரியில் மூன்று புள்ளிகள். முதல் புள்ளி சுருக்கத்துக்கு, இரண்டாவது தசமத்துக்கு, மூன்றாவது வாக்கிய முடிவுக்கு. மூன்றும் பார்வைக்கு ஒன்றே. பொறி ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டாலும் வாக்கியம் நடுவிலேயே மூச்சு வாங்கும். அதோடு, 'ரூபாய்' என்ற சொல் 'கோடி'யையும் தாண்டிப் போய் நிற்க வேண்டும். எண் எங்கே முடிகிறது என்று பொறி கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. 'கி.மீ.'யைக் 'கிலோமீட்டர்' என்று மாற்றச் சொல்லி அகராதியில் எழுதிவிட்டால், 'கி.மீ.க்கு' என்பது 'கிலோமீட்டர்க்கு' என்று நொண்டும். ஆகவே விதி எழுதுபவர் 'கி.மீ.க்கு', 'கி.மீ.க்குள்', 'கி.மீ.யில்' என்று ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இலக்கணம் தெரிந்தவர் இல்லாமல் இது நடக்காது.

மூன்றாவது, எதை விரிப்பது, எதை விடுவது. 'எ.கா.' என்று எழுதினால் 'எடுத்துக்காட்டு' என்று சொல்ல வேண்டும், 'கி.பி.'யை அப்படியே விடலாம். 'ஊ.ஒ.ந.நி. பள்ளி' என்பதைப் பெயர்ப்பலகையில் பார்த்தவருக்கு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று தெரியும். காதால் மட்டும் கேட்பவருக்கு அது நான்கு எழுத்துகளின் முனகல். பெயர்களின் தலைப்பெழுத்து இன்னும் மோசம். சற்று முன் சொன்ன டி.வி. ராமனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்வக்கோளாறான ஒரு பொறி அவரைத் 'தொலைக்காட்சி ராமன்' ஆக்கிவிடலாம். தலைப்பெழுத்து இல்லாத தமிழ்ப் பெயர் அரிது. ஆகவே விரிக்கும் விதிகளில் நமக்குக் கூடுதல் நிதானம் வேண்டும்.

நான்காவது, பழைய குறிகள். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று கணக்குப் புத்தகங்களில் எழுதியவர்கள் நம் முன்னோர். இவை 2003-ல் யூனிகோடு 4.0 பதிப்பில் இடம்பெற்றன. பழைய ஆவணங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றுவோர் இவற்றை அப்படியே இடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் அந்தக் குறியின் பெயரைத் தமிழ்ப் பொறியில் யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அது ஒலிக்கும். இல்லாவிட்டால் ஆவணத்தின் தேதியே காதுக்கு வராமல் போகும்.

சரி, என்ன செய்யலாம்?

எழுதுகிறவர்களுக்கு மூன்று. சுருக்கம் முதலில் வரும் இடத்தில் விரிவை வாக்கியத்துக்குள்ளேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எழுதுங்கள். டேக்குக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பார்வையுள்ளவருக்கும் அது தேவைதான், 'ஊ.ஒ.ந.நி.' எல்லோருக்கும் தெரியும் என்று யார் சொன்னது? அடுத்து, விரிவே பொருத்தமான இடத்தில் சுருக்கமே வேண்டாம். தாளில் இடம் மிச்சம் பிடிக்க உதவுபவை 'கி.மீ.', 'எ.கா.' போன்றவை; இணையப் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 'ஐந்து கிலோமீட்டர்' என்று எழுதிவிட்டால் உருபுச் சிக்கலும் புள்ளிச் சிக்கலும் ஒருங்கே தொலையும். மூன்றாவது, புள்ளியில் ஒரு பதிப்புக்கு ஒரே கொள்கை. 'திமுக' என்றால் எங்கும் 'திமுக'. ஒரு பத்தியில் புள்ளியோடும் அடுத்த பத்தியில் இல்லாமலும் வேண்டாம். புள்ளி இல்லாமல் எழுதுவது காதுக்கு எளிது என்பது என் கருத்து.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியுங்கள். நடுவில் ஆங்கில வரி வந்தால் அதற்குத் தனியாகக் குறியுங்கள். முதலாவது வழிகாட்டு நெறியின் அடிப்படை நிலையான ஏ, இரண்டாவது ஏஏ. இவை கட்டாயமானவை, ஆனாலும் அடிக்கடி மறக்கப்படுபவை. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போய் விழிக்கும். அடுத்து, உச்சரிப்பை மாற்றுவதற்காக ஏரியா-லேபிளில் கைவைக்காதீர்கள். ஒலிக்கும் குரல் உங்களுடையது அல்ல, கேட்பவருடையது.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஈஸ்பீக் என்ஜி திறந்த மூலம். அதில் தமிழுக்கென்று சொற்பட்டியல் கோப்பு ஒன்றும் ஒலிவிதிக் கோப்பு ஒன்றும் உண்டு. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். 'கி.மீ.க்கு' எப்படி விரிய வேண்டும், ௵ எப்படி ஒலிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல இலக்கணம் படித்தவர் வேண்டும். அதை விதியாக எழுத நிரல் தெரிந்தவர் வேண்டும். இந்த அரங்கில் இரு தரப்பும் இருக்கிறீர்கள். ஆனால் விதி எழுதத் தொடங்குமுன் தமிழில் திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சுருக்கம் தொல்லை, எது பழகிவிட்டது என்பதை அவர்தான் சொல்ல முடியும். பட்டியலில் முதல் வரி எது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.